நேரம் தப்பி ஊதிய சங்கு

செல்வாம்பாள் அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் குரலிலிருந்துதான் தொடங்க வேண்டும். கேன்டீன் அடுப்படியில் நின்றுகொண்டு "பாரதி, கொத்தமல்லி எங்கடி?" என்று அவள் கேட்டால் மெயின் ரோட்டில் போகிற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். அவளுக்குப் பக்கத்திலேயே பில் போடும் மேசையில் உட்கார்ந்திருக்கும் என் கதியை யோசித்துப் பாருங்கள். எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "என்னா பண்றது, வூட்ல அந்த மனுசனுக்குக் காது கேக்காது. கத்திக் கத்தி இப்படி ஆயிட்டேன்" என்பாள். அதையும் கத்தித்தான் சொல்வாள்.

அந்த மனுஷன் கிருஷ்ணசாமி மாமா, அக்காவின் புருஷன். எங்கள் தெருவுக்கு எதிரே, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மில்லில் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது. எங்கள் தெருவில் அந்த வயது ஆண்கள் எல்லோருக்கும் அப்படித்தான். டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து ரகசியம் பேசினால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

மில் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. நடுவில் பாம்பும் முள்ளும் குடியிருந்தன. இப்போது அது ஒரு கலை மையம், லூம் யார்டு என்று பெயர். நூற்புக் கூடத்தில் ஓவியக் கண்காட்சி. சாயப்பட்டறையில் மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். தறிக்கூடத்தில் நாடக ஒத்திகை. சுவரில் எங்கள் அப்பாக்கள் வெற்றிலை துப்பிய கறைகூட அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே வார்னிஷ் அடித்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். கேலி செய்கிறேனே தவிர, என் வீட்டு அடுப்பு எரிவது அங்கே கேன்டீனில் வாங்கும் சம்பளத்தில்தான். மில் மூடின பிறகு எங்கள் தெரு ஆண்கள் ஏடிஎம் வாசலிலும் அரியாங்குப்பத்துக் கல்யாண மண்டபங்களிலும் காவல் நின்றார்கள். பெண்கள் எங்களுக்கு யார்டு வந்த பிறகுதான் பக்கத்திலேயே வேலை கிடைத்தது.

அக்காவின் அம்மா அந்தக் காலத்தில் நடையாய் நடந்து கேட்டும் இந்த மில்லில் வேலை கிடைக்கவில்லையாம். மில் செத்த பிறகு மகளுக்குக் கிடைத்திருக்கிறது. சேர்ந்த அன்றைக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள். படம், பெயர், நம்பர் எல்லாம் இருக்கும். அது குனியும்போதெல்லாம் சாம்பாரில் விழுந்ததால் இரண்டாம் நாளே ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு அந்த அட்டையை யாரும் பார்த்ததில்லை.

மாமாவுக்குப் போன வருஷம் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்தார்கள். ஓடக் கூடாது, படி ஏறக் கூடாது, திடுக்கென்று எதுவும் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அக்கா அன்றிலிருந்து நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு அலைகிறாள். எங்கே போனாலும் அவள் மனசு பாதி வீட்டில்தான் இருக்கும். வைத்திக்குப்பத்தில் மீன் வாங்க நிற்கும்போதுகூட ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இனி சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில் கூரைமேல் ஒரு கோபுரம் உண்டு, அதில் சங்கு. காலை ஏழு, பிற்பகல் மூன்று, இரவு பதினொன்று என்று ஷிப்ட் மாறும்போது ஊதும். நாங்கள் அதை வைத்துத்தான் உலை வைத்தோம், பள்ளிக்கூடம் போனோம், சண்டையை நிறுத்தினோம். அந்த மூன்று நேரம் தவிர வேறு நேரத்தில் ஊதினால் ஒரே அர்த்தம்தான்: உள்ளே ஏதோ நடந்துவிட்டது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு நாள் முற்பகலில் அப்படி ஊதியது. பஞ்சுக் கிடங்கில் தீ. நான் அப்போது சின்னப் பெண். அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட் முன்னால் நின்றேன். கேட்டைச் சாத்திவிட்டார்கள். தெருப் பெண்கள் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நம்பரைக் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் புருஷன் பெயரை எந்தப் பெண்ணும் வாயால் சொல்ல மாட்டாள். மில்லில் ஒவ்வொருவருக்கும் பித்தளை டோக்கன் உண்டு. அந்த நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். வாட்ச்மேன் அதை உள்பக்கம் திரும்பித் திருப்பிச் சொல்வார். ஆள் நன்றாக இருந்தால் உள்ளேயிருந்து யாராவது "வர்றான்!" என்று கத்துவார்கள்.

"நானூத்திப் பதினேழு!" என்று அக்கா கத்தியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ரொம்ப நேரம் கழித்து "வர்றான்" என்று பதில் வந்தது. கரி பூசிய முகத்தோடு மாமா வெளியே வந்தார். அவளுக்குப் பக்கத்தில் நின்ற கன்னியம்மாள் சாயங்காலம் வரை தன் புருஷன் ஆதிமூலத்தின் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பதில் வரவில்லை.

யார்டின் முதல் ஆண்டு விழாவுக்கு அந்தச் சங்கை மறுபடி ஊத வைக்கப் போவதாகச் சொன்னபோது எங்களுக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை. சிந்துஜா என்கிற பெண் அதைச் செய்தாள். லாஸ்பேட்டைப் பெண், வெளிநாட்டில் படித்தவள், ஒலிகளை வைத்தே கலை செய்கிறவள். துருப்பிடித்த சங்கைக் கழற்றி, சுத்தம் செய்து, காற்றடிக்கும் மிஷின் வைத்து, மாதக்கணக்கில் உழைத்தாள். மில் வேலை பார்த்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் வந்து, சங்கு எப்படி ஊதும் என்று கேட்டுப் பதிவு செய்துகொண்டு போனாள். எல்லோரும் அவளுக்கு ஊதிக் காட்டினார்கள். மாமா கன்னம் உப்ப ஊதிக் காட்டியதில் அக்கா சிரித்து உருண்டாள்.

விழாவன்று சங்கு ஊதும் என்று எல்லோருக்கும் தெரியும். எத்தனை மணிக்கு என்று எங்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. சங்கு ஊதும் நேரத்தை யாராவது கேட்பார்களா? பிற்பகல் விழா என்றால் மூன்று மணிதான். காலையில் அக்கா மாமாவின் காதருகே போய், "இன்னிக்கு மூணு மணிக்குச் சங்கு ஊதுவாங்க. சும்மா விழாவுக்குத்தான். பயந்துக்காதய்யா" என்று கத்தினாள். தெருவில் வீடு வீடாக அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். கன்னியம்மாளிடம் மட்டும் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

மூன்று மணி வந்தது. அக்கா கரண்டியை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒன்றும் ஊதவில்லை. "மிஷின் வேலை செய்யல போல. பாவம் அந்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு வடைக்கு மாவு எடுத்தாள். வெளியே கார்கள் வந்துகொண்டே இருந்தன. பாரிஸிலிருந்து வந்த விருந்தாளிகள், தலையில் பூ வைத்துக்கொண்ட வெள்ளைக்காரப் பெண்கள், கதர் ஜிப்பா போட்ட நம் ஊர்ப் பணக்காரர்கள். கேன்டீனில் நிற்க இடமில்லை.

மூன்றரை தாண்டியிருக்கும். சிந்துஜா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். காதில் ஏதோ மாட்டியிருந்தாள், முகம் வேர்த்திருந்தது.

"என்னாம்மா, சங்கு ஊதலியே?" என்றாள் அக்கா.

"நாலு மணிக்கு ஆன்ட்டி. அப்பத்தான் வெயில் சாய்ஞ்சு கோபுரத்து மேல விழும். அழகா இருக்கும்."

அக்காவின் கையிலிருந்த வடை எண்ணெய்க்குள் நழுவி விழுந்தது. கை சுட்டிருக்க வேண்டும், அவள் உதறக்கூட இல்லை. "நாலு மணிக்கு வேணாம்மா. நாலு மணிக்கு ஊதாதம்மா."

"ஏன் ஆன்ட்டி?"

"எங்க ஜனம் எல்லாம் ஓடியாந்துருவாங்க."

சிந்துஜாவின் முகம் மலர்ந்தது. அக்காவின் தோளைத் தொட்டு, "வரட்டும் ஆன்ட்டி! அவங்க வரணும்னுதானே இவ்வளவும் பண்றோம்" என்றாள். அதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள். கூட்டத்தில் புகுந்து போய்விட்டாள். அந்தப் பெண் மேல் தப்பில்லை. ஊரைக் கூட்டுகிற குரல் உள்ள செல்வாம்பாள் அக்கா அந்த நிமிஷத்தில் முணுமுணுத்தாள். ஆத்திரம் எனக்கு அவள் மேல்தான் வந்தது. "என்னாக்கா நீ, கத்தித் தொலைக்க வேண்டியதுதானே!" என்று எரிந்து விழுந்தேன்.

"அவுரு ஓடியாந்துருவாருடி" என்றாள். "மூணு மணிக்கு ஊதலன்ன ஒடனே, விழா சங்கு இல்லன்னு நெனச்சிருப்பாரு. இப்ப ஊதுனா வேற என்னான்னு நெனப்பாரு? நெஞ்சு தாங்காதுடி."

மாமாவின் செல்லுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஆள் இருந்து எடுத்துக் கொடுத்தால்தான் அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மணியம்மாளுக்கு அடித்தாள். அவள் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் என் தம்பிக்கு அடித்தேன், அவன் எடுக்கவில்லை. சிந்துஜாவைத் தேடி நான் கூடத்துப் பக்கம் ஓடினேன். கதவருகே நின்றவன் உள்ளே விடவில்லை, ஏதோ பேச்சு நடக்கிறதாம். திரும்பி வந்தால் அக்கா அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள். எதிரே தட்டோடு ஒரு கூட்டம் நின்றது. "வடை இல்லியா?" என்றார் ஒருவர். "இல்ல" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே நடந்தாள். பில் மிஷினை அப்படியே விட்டுவிட்டு நானும் பின்னால் போனேன்.

முன் கேட்டில் நின்ற காவல்காரப் பையன் கையை நீட்டி மறித்தான். ஸ்டாஃப் எல்லாம் இன்றைக்குப் பின் கேட் வழியாகத்தான் போக வேண்டுமாம். விருந்தாளிகள் வருகிற வழியாம். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அக்கா திட்டவில்லை, வாதாடவும் இல்லை. திரும்பிப் பின் கேட்டை நோக்கி ஓடத் தொடங்கிவிட்டாள். சாயப்பட்டறையைச் சுற்றி, குழாயடி தாண்டி, ஜெனரேட்டர் ஷெட்டைத் தாண்டி ஓடினோம். பருத்த உடம்பு அவளுக்கு. மூச்சு இரைத்தது. ஒரு கையால் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டே ஓடினாள்.

மெயின் ரோட்டுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் கார். விழாவுக்கு வந்தவர்களின் கார்கள் ஓரத்தை அடைத்துக்கொண்டு நின்றன. கடலூர் போகிற பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது. இடைவெளி பார்த்து இறங்கி நடுத் தடுப்பை எட்டினோம். எதிரே எங்கள் தெருவின் முனை தெரிந்தது. முனையிலிருந்து மூன்றாவது வீடு அக்காவுடையது. கதவு சாத்தியிருப்பதைக்கூடப் பார்த்தேன். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அப்போது சங்கு ஊதியது.

முதலில் ஒரு உறுமல், பிறகு மெல்ல ஏறி ஏறி, முழுத் தொண்டையில் நின்றது. அதே சத்தம். அந்தப் பெண் கொஞ்சமும் பிசகாமல் செய்திருந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கேட்கிறேன். நடப்பது எல்லாம் தெரியும், விழாவுக்குத்தான் ஊதுகிறார்கள் என்று தெரியும், அப்படியிருந்தும் அழுகை வந்தது. அக்காவின் கையைப் பிடிக்கத் திரும்பினேன். அவள் இல்லை.

வீட்டுக்குப் போக ஓடி வந்தவள், மில்லைப் பார்த்துத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! வூடு இந்தப் பக்கம்!" என்று கத்தினேன். அவள் காதில் விழவில்லை. கார்களுக்கு நடுவே புகுந்து முன் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாது பாரதி, கால் தானாப் போச்சு" என்று பிறகு சொன்னாள். அந்தச் சங்கு ஊதினால் அந்தக் கால்களுக்கு ஒரே திசைதான் தெரியும்.

எங்கள் தெருமுனையில் கதவுகள் திறந்தன. பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கையில் சோற்றுக் கரண்டி. ஒருத்தி தலையில் ஈரத் துண்டு. கிழவர்கள் லுங்கியைத் தூக்கிக் கட்டியபடி வந்தார்கள். கன்னியம்மாள் வந்தாள். அவர்களுக்கெல்லாம் முன்னால், சட்டை இல்லாமல், செருப்பு இல்லாமல், நெஞ்சில் நீளத் தையல் தழும்போடு கிருஷ்ணசாமி மாமா ஓடி வந்தார்.

"மாமா, நில்லு! ஒண்ணுமில்ல மாமா!" என்று நடுத் தடுப்பில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ரோட்டில் இறங்கினார். பஸ் போட்ட பிரேக்கில் டயர் தேய்ந்த நாற்றம் வந்தது. முட்டிக்கு முன்னால் வந்து நின்ற பஸ்ஸைக் கையால் தள்ளிவிட்டு, தடுப்பின் மேல் ஏறிக் குதித்து, அந்தப் பக்கம் போய்விட்டார். ஒரு மாடி ஏறக் கூடாத மனுஷன்.

நானும் பின்னால் ஓடிப் போனபோது கேட் முன்னால் கூட்டம் முண்டியது. அத்தனை பேர் ஓடி வருவதைப் பார்த்த காவல்காரப் பையன் பயந்துபோய்க் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டான். அதே இரும்புக் கேட்தான். புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள். ஆமாம், கைதட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். செல்லை உயர்த்திப் படம் பிடித்தார்கள். கம்பியைப் பிடித்தபடி நின்ற கன்னியம்மாளின் முகத்துக்கு நேரே ஒருத்தர் கேமராவைக் கொண்டுவந்தார். அவள் இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை. அந்தக் கேமராவைப் பிடுங்கி உடைத்திருப்பேன், எட்டவில்லை.

மாமா கேட்டைப் பிடித்து உலுக்கினார். "தொற! என் பொண்டாட்டி உள்ள இருக்கா! தொறடா!"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏன் ஓடி வந்தார் என்று ஒரு நிமிஷமும் நான் யோசித்திருக்கவில்லை. பழைய நினைப்பில் மில்லைக் காப்பாற்ற ஓடி வருவார் என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே இப்போது வேலை பார்ப்பது அவள். வெளியே நிற்க வேண்டியவர் அவர்.

"யாருங்க, ஸ்டாஃபா?" என்று கேட்டான் பையன்.  கையில் வாக்கி-டாக்கி வைத்திருந்தான்.

"கேன்டீன்ல! அங்க காஸ் சிலிண்டர் இருக்குது! செல்வாம்பாள்னு பேரு!" என்று மாமா தன் பாட்டுக்குக் கத்தினார்.

"ஸ்டாஃப் நம்பர் சொல்லுங்க பெரியவரே, கேட்டுச் சொல்றேன்."

மாமாவுக்கு அவன் கேட்டது காதில் விழவில்லை. பையன் வாயைக் கம்பிக்குள் வைத்து "நம்பர்! நம்பர்!" என்று கத்தினான். அது விழுந்துவிட்டது. மாமா அப்படியே நின்றுவிட்டார்.  

அவருக்குப் பத்துப் பதினைந்து பேருக்குப் பின்னால், கூட்டத்துக்கு வெளியே, ஓட முடியாமல் பின்தங்கி நின்றாள் அக்கா. அந்த முதுகை அவள் பார்த்துவிட்டாள். முந்திப் போக முடியவில்லை. சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே அவள் குரலை எடுத்தாள்.

"நானூத்திப் பதினேழு!"

கூட்டம் திரும்பியது. இரண்டாம் முறை கத்தினாள். அதில் அவள் தொண்டையே கிழிந்திருக்கும். மாமாவின் தலை திரும்பியது. எங்கே எங்கே என்று தேடி, அவளைக் கண்டுபிடித்தார். கூட்டம் தானாக வழிவிட்டது. அவள் போய்ச் சேர்வதற்குள் அவர் கம்பியோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெளியவா இருக்கே?" என்று கேட்டார்.

"வெளியதான்யா இருக்கேன். வாயத் தொற." முந்தானை முடிச்சு அவள் விரலுக்கு அவிழவில்லை. நான் பல்லால் கடித்து அவிழ்த்தேன். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தாள். அவர் உதடு நீலமாக இருந்தது. வேர்வை கொட்டியது. எனக்கு மாமா பிழைப்பார் என்கிற நம்பிக்கை இல்லை.

சங்கு நின்றது. சிந்துஜா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்ற எங்கள் ஜனங்களின் முகங்களைப் பார்த்தாள், தரையில் மாமாவைப் பார்த்தாள்.  தன் காரை அவளே எடுத்து வந்தாள். மாமாவைப் பின் சீட்டில் ஏற்றினோம். அக்கா மடியில் அவர் தலை. முன்னால் உட்கார்ந்த நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சிந்துஜா அழுதுகொண்டே ஓட்டினாள். 

பாதி வழியில் மாமா கண்ணைத் திறந்தார். அக்காவின் கழுத்தில் கிடந்த அட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அட்டை வெளியே வந்தது. கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். கண்ணாடி இல்லை, தெரியவில்லை.

"அந்தப் பையன் நம்பர் கேட்டான்டி" என்றார். "எனக்குத் தெரியல. நீ உள்ள வெந்துகிட்டு இருந்தாக்கூட என்னால கூப்ட்டிருக்க முடியாது. சொல்லி வெக்கலியே நீ."

அக்கா அழுகையை அடக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. "என்னா?" என்றார்.

"முப்பத்தி ஆறு!" என்று கத்தினாள். கார் கண்ணாடி அதிர்ந்தது. சிந்துஜா பிரேக்கை மிதித்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

"முப்பத்தி ஆறு" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார் மாமா. மறுபடி சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோதும் உதடு அசைந்துகொண்டிருந்தது.

பிழைத்துக்கொண்டார். இப்போது காலையில் அக்கா வேலைக்குக் கிளம்பும்போது கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் படி இறங்கியதும் "முப்பத்தி ஆறு" என்கிறார். "வர்றேன்யா!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு அவள் ரோட்டைத் தாண்டுகிறாள்.